பழவேற்காட்டு அலையாத்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பள்ளிப் பிள்ளைகள், சனி ஞாயிறில் சென்னையிலிருந்து வருகிறவர்கள், தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் என்று பழவேற்காடு ஏரியைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். கேள்விகள் என்னவோ திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருகின்றன. அவற்றில் அலையாத்தி, அதாவது கடலோர உப்புச்சேற்றில் வளரும் மாங்குரோவ் மரங்கள், தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நாம் ஏரி என்று சொல்வது உண்மையில் உப்பங்கழி, கடலோடு தொடர்புள்ள உப்புநீர்ப் பரப்பு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. தெற்குத் துண்டு திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. மிச்சப் பெரும்பகுதி ஆந்திரத்தில்.

பிச்சாவரம் மாதிரி காடு எதுவும் கண்ணில் படவில்லையே, இங்கே அலையாத்தி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் "காடு" என்று நம்பி வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஆரணியாறு ஏரியில் விழும் இடம், பக்கிங்காம் கால்வாய்க் கரை, தெற்கே காட்டுப்பள்ளியைத் தாண்டி எண்ணூர்க் கழிமுகம் வரைக்கும் நீளும் உப்பங்கழிகள் என்று திட்டுத்திட்டாக நிற்கிறது. பல இடங்களில் புதர் உயரம், சில இடங்களில் இரண்டாள் உயரம். படகு மேலே கிளைகள் கூரை போடும் காட்சியெல்லாம் இங்கே கிடையாது.

தமிழ்நாடே இந்த விஷயத்தில் ஏழைதான். 2021ஆம் ஆண்டு இந்திய வன நிலை அறிக்கைப்படி நாடு முழுவதும் 4,992 சதுர கிலோமீட்டர் அலையாத்தி. அதில் மேற்கு வங்கத்தின் பங்கு மட்டும் 2,114. ஆந்திரத்துக்கு 405, தமிழ்நாட்டுக்கு 45, கேரளத்துக்கு 9. ஆந்திரத்தின் 405 என்றதும் எல்லை தாண்டினால் காடு அடர்த்தியாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் பெரும்பங்கு கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களில் இருக்கிறது. காக்கிநாடா பக்கத்துக் கோரிங்கா அதில் பேர்போனது. நம் ஏரியின் ஆந்திரக் கரையும் நம்மைப் போலவே மெலிந்ததுதான்.

இங்கே நிற்பது என்ன மரம்?

பெரும்பாலும் வெண்கண்டல். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெள்ளை. பூ சின்னது, மஞ்சள். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் தடிமனில் நூற்றுக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். காய்ந்த கிளைகளை யாரோ ஊன்றி வைத்திருக்கிறார்கள் என்று வருகிறவர்கள் நினைப்பதுண்டு, அவை வேர்கள்.

பிச்சாவரம் படங்களில் பார்க்கும் வளைந்த தாங்கு வேர்கள் சுரபுன்னைக்கு உரியவை. தில்லை என்று இன்னொன்று உண்டு, சிதம்பரம் கோயிலின் தலமரம். அதை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போகும். எனவே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எந்தக் கழிக்குப் போனாலும், தெரியாத மரத்தை ஒடிக்க விடாதீர்கள்.

தரையோடு தரையாகச் சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும் சதைப்பற்றான செடி உமரி. அது அலையாத்தி மரவகையில் சேராது. உப்பு இன்னும் கூடிய, அலையேற்றம் எப்போதோ எட்டும் மேட்டில் அது வளரும்.

உப்புத் தண்ணீரில் மரம் எப்படிப் பிழைக்கிறது?

ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு வழி. சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டி வெளியே நிறுத்திவிடும். வெண்கண்டலும் வேரில் வடிகட்டும், ஆனால் கொஞ்சம் உள்ளே வந்துவிடுகிறது. வந்ததை இலையில் இருக்கும் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளும். வெயில் ஏறியபிறகு இலையைத் தடவிப் பாருங்கள், உப்புப்பொடி விரலில் ஒட்டும். நக்கிப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் திரும்புவதில்லை.

இங்கே பலர் தவறாக எடுத்துக்கொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பைத் தாங்குகிறது என்பதால் அதற்கு உப்புதான் பிடிக்கும் என்று பொருளில்லை. உப்பை விலக்குவதே மரத்துக்குச் செலவுதான். கடல்நீரைவிட உப்புக் குறைந்த, ஆற்றுநீர் கலந்த இடத்தில்தான் அலையாத்தி ஓங்கி வளரும். ஏரியின் வடபகுதியில் கோடையில் தண்ணீர் வற்றி, உப்பு கடலையே மிஞ்சிவிடுகிறது. அந்த நிலையில் வெண்கண்டல்கூடக் குட்டையாகிப்போகும், மற்ற இனங்களுக்கு வாய்ப்பே இல்லை. நம் பக்கம் ஏன் ஒரே மரம், ஏன் அதுவும் புதர் என்பதற்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. மீதிப் பதில் முகத்துவாரத்தில், அதாவது ஏரி கடலோடு சேரும் வாயில்.

அந்தக் குச்சி வேர்கள் எதற்கு?

மூச்சுக்கு. கழிச்சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. ஆகவே வேர் மேலே வந்து காற்றைத் தேடுகிறது. ஏற்றத்தில், அதாவது கடல்நீர் ஏறும் நேரத்தில், தண்ணீர் மூடும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் செலவாகி வேருக்குள் அழுத்தம் குறையும். வற்றத்தில், அது இறங்கும்போது, வேர்முனை வெளியே தெரிந்ததும் தோலில் உள்ள நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே இழுபடும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அந்தத் தாளத்தில்தான் மரம் மூச்சு விடுகிறது.

அதனால் இந்த மரத்தைக் கொல்லக் கோடரி தேவையில்லை. வேர்முனைகளின் மேல் மண், சாம்பல், எண்ணெய் எது படிந்தாலும் போதும். எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றைப் பார்த்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, அலையாத்திகளின் அடிமரத்திலும் மூச்சுவேர்களிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. தண்ணீர் மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளிவிடலாம். வேரில் ஒட்டியதை யார் ஒவ்வொன்றாகத் துடைப்பது?

சேறு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, சாக்கடை கலந்திருக்கிறதா?

சில இடங்களில் சாக்கடையும் கலக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முட்டை நாற்றம் இயல்பானது. காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்பேட்டைக் கொண்டு இலைக்குப்பையைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வருகிறது. சேற்றின் கறுப்பு நிறத்துக்கும் அதுதான் காரணம்.

மரத்திலேயே விதை முளைத்துவிடுமாமே?

ஆமாம். சுரபுன்னையில் விதை தாய்மரத்தில் தொங்கிக்கொண்டே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாக இறங்கும். பழுத்ததும் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்து வேறிடம் போகும். வெண்கண்டலில் முளை காய்த்தோலுக்குள்ளேயே மறைந்திருக்கும். விழுந்து தண்ணீரில் ஊறியதும் தோல் கழன்று, மடங்கிய இரண்டு பருத்த வித்திலைகள் விரியும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும் பச்சை வித்துகள் இவைதான்.

மீனுக்கும் இறாலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இதைக் கேட்பவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள் அல்லாதவர்கள். ஊரில் யாரும் கேட்பதில்லை.

வெள்ளை இறாலும் புலி இறாலும் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சு சில வாரத்தில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில், ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழையும். உள்ளே ஆழமில்லாத, கலங்கலான, ஒளிந்துகொள்ள வேரும் புல்லும் உள்ள இடம் வேண்டும். சில மாதம் தின்று வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். சேற்று நண்டு இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்கிறது: வளர்வதும் இணைசேர்வதும் கழியில், சினைப்பட்ட பெண்நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்கு இறங்கும். மடவையும் இப்படி இரண்டு பக்கமும் போய்வரும் மீன்தான். கொடுவாவும் அப்படியே.

சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்றால், உதிரும் இலையிலிருந்து. பச்சை இலையை மீன் தின்னாது. கசப்பும் துவர்ப்பும் அவ்வளவு. சிறு நண்டுகள் உதிர்ந்த இலையை வளைக்குள் இழுத்துப்போய்க் கத்தரிக்கும். அதன் மேல் பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்து, சத்து ஏறி, தூளாகிச் சேற்றில் கலக்கும். அந்தத் தூள்தான் இறால் குஞ்சின் இரை. சேற்றில் உட்கார்ந்து கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். வேர் இருக்கும் ஓரத்துக்கும் வெறுஞ்சேற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் விரலுக்குத் தெரியும்.

ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதைப் பாடு முறை வைத்துக் கிராமங்கள் தலைமுறைகளாகப் பங்கிட்டு வந்திருக்கின்றன. உள்ளே வரும் குஞ்சு குறைந்தால் பாடும் மெலியும், பாட்டுக்காகச் சண்டையும் கூடும். எல்லைக்கு இப்பக்க, அப்பக்க மீனவர்களுக்கிடையே வரும் தகராறுகளை வெறும் எல்லைத் தகராறு என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள், ஏரியில் பிடிக்க எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நல்லது.

முகத்துவாரம் அடைபட்டால் ஏன் ஊரே பதறுகிறது?

"வாய் அடைச்சிக்கிச்சு" என்பது இங்கே கெட்ட செய்தி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் மணல்திட்டு எழும்பி வழி மூடிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சோழமண்டலக் கரை நெடுக அலைகள் மணலைக் கடத்திக்கொண்டே இருக்கின்றன. ஆண்டு மொத்தத்தில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அந்த மணலை உடைத்துக்கொண்டு வெளியே பாயும். வெள்ளம் குறைந்த வருடத்தில் உடைக்க ஆள் இல்லை. ஆரணியாற்றின் மேலே ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணை இருக்கிறது, கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. சென்னை குடிக்கத்தான் பூண்டி, அதைக் குறை சொல்ல முடியாது; ஆனால் ஏரிக்கு வந்துசேரும் நன்னீர் அதனால் குறையத்தான் செய்கிறது. கரையில் எழும்பும் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் மணலோட்டத்தையும் மாற்றுகின்றன: சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும்.

வாய் அடைத்தால் என்னவெல்லாம் ஆகும்? இறால் குஞ்சு உள்ளே வராது. கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். மழையில் அடைத்திருந்தால் நிலைமை தலைகீழ்: தண்ணீர் வடியாமல் நின்று, மூச்சுவேர்கள் நாள்கணக்கில் முழுகிக் கிடக்கும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஏரிக்குள் போகப் போக அது இன்னும் சுருங்கும். அலையாத்தி வாழும் பட்டை அந்த ஏற்ற வற்றத்துக்கு இடைப்பட்ட நிலம் மட்டும். அவ்வளவு குறுகலான இடத்தில் நீர்மட்டம் ஒரு சாண் மாறி நிலைத்தாலே மரத்துக்கு ஆபத்து.

ஆந்திரப் பக்கம் ராயதொருவு முகத்துவாரம் தூர்ந்து கிடப்பது பழைய குறை. போதாக்குறைக்கு, சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் சாலை வடக்குத் தண்ணீரையும் தெற்குத் தண்ணீரையும் தாராளமாகக் கலக்க விடுவதில்லை. ராக்கெட் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பூநாரையைப் படம் எடுத்துக்கொண்டு போவது அந்தச் சாலையில்தான்.

அப்படியானால் நாங்கள் வந்து கன்று நடலாமா?

வேலையை விட்டு வருகிறீர்கள், நல்ல மனசு. ஆனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: கன்று நடுவது கடைசி வேலை. தண்ணீர் போய்வரும் வழி சரியாக இருந்தால் வித்து தானாக வந்து ஒதுங்கி முளைக்கும். வழி சரியில்லாத இடத்தில் ஆயிரம் கன்று நட்டாலும் அடுத்த கோடையில் குச்சிதான் நிற்கும். புகைப்படம் எடுத்த நாளில் எல்லாக் கன்றும் பச்சையாகத்தான் இருக்கும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. பிச்சாவரத்தில் பழைய காலத்தில் காட்டைப் பட்டைபட்டையாக மொட்டையடித்து வெட்டியபோது, வெயில் பட்ட மண் இறுகி நடுவில் பள்ளமானது. ஏற்றத்தில் புகுந்த தண்ணீர் வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மிஞ்சியது. பிறகு எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள்: நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே போய் வற்றத்தில் வெளியே வந்தது, உப்பு கரைந்தது, நட்டதும் நடாததும் சேர்ந்தே எழுந்தன. முத்துப்பேட்டையிலும் அதே முறைதான். வாய்க்காலில் மண் சேரச் சேரத் தூர்வார வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கு யாரும் விழா எடுப்பதில்லை.

வரத்தான் வேண்டும் என்றால், வாய்க்கால் தூர்வார மண்வெட்டியோடு வாருங்கள். அல்லது வேரில் சிக்கிய பழைய நைலான் வலையையும் பிளாஸ்டிக்கையும் எடுக்க வாருங்கள்.

பூநாரைகளுக்கு அலையாத்தி அவசியமா?

அவசியமில்லை. பூநாரைக்கு வேண்டியது மரமில்லாத, முழங்கால் ஆழத் தண்ணீர் நிற்கும் திறந்த சேற்றுப்பரப்பு. ஏரிக்கு அருகே ஆந்திரத்தில் உள்ள நேலபட்டுவில் கூடுகட்டும் கூழைக்கடாக்கள் அங்கே நன்னீர்க் குளத்து மரங்களில் குஞ்சு பொரித்து, ஏரியில் மீன் பிடிக்கின்றன. ஆகவே காலியாகத் தெரியும் சேற்றுவெளியில் எல்லாம் அலையாத்தி நடுவது பறவையின் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்குவதுதான். "சும்மா கிடக்கிற நிலம்" என்று இந்த ஏரியில் ஒன்றும் கிடையாது.

சுனாமியைத் தடுக்குமா?

சுனாமியையும் புயலலையையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வரும் குழப்பம் இது. காற்றால் எழும் அலையை அலையாத்தி நன்றாகவே மட்டுப்படுத்தும்: 100 மீட்டர் அகலக் காட்டைக் கடக்கும்போது அலையின் உயரம் 13 முதல் 66 விழுக்காடு வரை குறைவதாக அளந்திருக்கிறார்கள். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில், கேந்திரபாடா மாவட்டத்தில் அகலமான அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களில் இறப்பு குறைவாக இருந்ததாக ஓர் ஆய்வு கண்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை: முன்னெச்சரிக்கை காப்பாற்றிய உயிர்கள் மரம் காப்பாற்றியவற்றைவிட அதிகம்.

2004 சுனாமியில் பிச்சாவரம் பக்கத்து ஊர்கள் தப்பியதற்குக் காடு எவ்வளவு காரணம், ஊர் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தது எவ்வளவு காரணம் என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே வாதம் நடந்தது. இரண்டு வரிசைப் புதரை நட்டுவிட்டு "சுனாமி அரண்" என்று பலகை வைப்பது ஆபத்தான ஆறுதல். அதை நம்பி ஒருவர் எச்சரிக்கை வந்தும் வீட்டிலேயே இருந்துவிட்டால் யார் பொறுப்பு?

கரிமத்தைச் சேமிக்கிறது என்கிறார்களே?

உண்மைதான். காற்றில்லாத சேற்றில் இலையும் வேரும் முழுதாக மக்காமல் தங்கிவிடுவதால் கரிமம் மண்ணிலேயே பூட்டிக் கிடக்கிறது. இந்தோ-பசிபிக் பகுதிக் காடுகளில் ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன் அளவில் இருப்பதாக 2011இல் ஒரு கணக்கு வெளியானது; பெரும்பகுதி மண்ணுக்குள். அந்தக் கணக்கை நம்மூர்ப் புதருக்கு அப்படியே ஒட்டவைத்துப் பேசாதீர்கள். நமக்கு முதல் கவலை இறால்.

இறால் பண்ணைகளால்தான் எல்லாம் போனதா?

எல்லாம் அல்ல. விறகுக்கு வெட்டியது, மாடும் ஆடும் இளங்கன்றை மேய்ந்தது, உப்பளம், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் 1990களில் கரைநெடுகத் தோண்டிய பண்ணைக் குட்டைகள் கழியின் ஓரத்தையே தின்றன, கழிவுநீரையும் கழியிலேயே விட்டன. 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் நம் ஏரியின் பெயரே வருகிறது: சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது, மரபான முறைகளுக்கு மட்டும் விலக்கு. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச்சட்டமும் ஆணையமும் வந்து, பதிவு செய்து நடத்தும் முறை ஏற்பட்டது. தீர்ப்பு பேப்பரில் எப்படி இருக்கிறது, கரையில் எப்படி இருக்கிறது என்பதை ஒருமுறை கரையோரம் நடந்து பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

கொசு அதிகமாகுமா?

ஏற்ற வற்றம் ஒழுங்காக இருந்தால் தேக்கம் குறைவு, கொசுவும் குறைவு. அடைபட்ட கழிதான் கொசுவுக்குத் தோது.

படகில் போய்ப் பார்க்கலாமா?

2011 டிசம்பர் 25ஆம் தேதி இந்த முகத்துவாரத்தருகே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஆகவே மீன்பிடிப் படகுக்காரரிடம் "காசு கூடத் தருகிறோம்" என்று நச்சரிக்காதீர்கள். கரையிலிருந்தே வெண்கண்டலைத் தொட்டுப் பார்க்க முடியும். வற்ற நேரத்தில் வந்தால் வேரும் நண்டு வளையும் தெரியும், ஏற்றத்தில் வந்தால் பச்சைத் தலை மட்டும்தான். மூச்சுவேர்களை மிதித்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

வெட்டுவதையோ மண் கொட்டுவதையோ பார்த்தால் யாரிடம் சொல்வது?

முதலில் எந்த மாநிலம் என்று பாருங்கள். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரத்துத் தடா. 2022இல் மாவட்டம் பிரித்தபோது தடாவும் சூளூர்ப்பேட்டையும் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. பழைய நினைப்பில் நெல்லூருக்கு மனு போட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் வனத்துறையும் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அலையாத்தி இருக்கும் இடம் மிகக் கடுமையான முதல் வகையில் வருகிறது. பரப்பு 1,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் சுற்றிலும் 50 மீட்டர் காப்புப் பட்டையும் உண்டு. மனுவில் இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

படம் எடுக்கும்போது தேதியும் இடமும் பதிவாகும்படி கைபேசியை அமைத்துக்கொள்ளுங்கள். வற்ற நேரத்தில் ஒன்று, ஏற்ற நேரத்தில் ஒன்று என்று இரண்டு படமாவது எடுங்கள். "அது மேட்டுநிலம், தண்ணீரே ஏறாது" என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் சொல்லும்.